குறைந்த ஒளியில் குளிர்காலக் காடு: படமெடுக்கும் முறை

இலையுதிர்ந்த காட்டைக் குளிர்காலத்தில் படமெடுக்க முனைவோருக்குப் பெருந்தடையாக இருப்பது ஒளிக்குறைவு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் முக்காலியில் அசையாமல் நிற்கும் கேமராவுக்கு ஒளி குறைவது பெரிய இடர் அன்று. ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தால், மங்கிய காட்டிலிருந்தும் படத்துக்கு வேண்டிய ஒளி முழுவதையும் திரட்டிக்கொள்ளலாம். வெயில் நாளில் மரங்களுக்கிடையே விழும் கடும் நிழல்களும் வெளிச்சத் திட்டுகளும் காட்சியைத் துண்டுதுண்டாக்கிவிடுகின்றன. மேகம் மூடிய நாளின் சீரான ஒளியோ பட்டையின் வரியையும், பாசியின் பச்சையையும், சருகின் செம்பழுப்பையும் ஒருங்கே காட்டுகிறது. ஆகவே குறைகின்ற ஒளியை நேரத்தால் ஈடுகட்டுவதும், அந்த நேரம் முழுவதும் கேமராவும் மரமும் அசையாதிருக்கப் பார்த்துக்கொள்வதும்தான் இவ்வதிகாரத்தின் அடிப்படை. பின்வரும் படிகள் அனைத்தும் இதனையொட்டியே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது லண்டன் நகரின் வடகிழக்கு விளிம்பில் தொடங்கி எசெக்ஸ் மாவட்டத்துக்குள் நீளும் எப்பிங் காடு. ஏறத்தாழ 2,400 ஹெக்டேர் பரப்புள்ள இக்காடு, 1878ஆம் ஆண்டின் எப்பிங் காட்டுச் சட்டத்தின்படி லண்டன் மாநகராட்சிக் கழகத்தின் பாதுகாப்பில் உள்ளது. ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு பகுதிகளில் வாழும் தமிழர்கள் எளிதில் சென்றுவரக்கூடிய தொலைவில் இது இருக்கிறது. செண்ட்ரல் தடத்தின் லௌட்டன், தேய்டன் பாய்ஸ் நிலையங்களிலிருந்தும் சிங்ஃபோர்டு நிலையத்திலிருந்தும் நடந்தே காட்டுக்குள் நுழையலாம்.

காட்டைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவை

எப்பிங் காட்டின் முதன்மை மரங்கள் பீச், ஹார்ன்பீம், ஓக், பிர்ச் என்பன. இவற்றுள் பழைய பீச் மரங்களும் ஹார்ன்பீம் மரங்களும் பெரும்பாலும் பொல்லார்டு வகையைச் சேர்ந்தவை. மேயும் மாடும் மானும் எட்டாத உயரத்தில், அதாவது தரையிலிருந்து 2 முதல் 3 மீட்டர் உயரத்தில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விறகுக்காகக் கிளைகள் வெட்டப்பட்டு, வெட்டிய இடத்திலிருந்தே மீண்டும் தழைத்த மரம் பொல்லார்டு எனப்படுகிறது. 1878ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் கிளைவெட்டும் உரிமை முடிவுக்கு வந்ததால், அக்கிளைகள் வெட்டப்படாமல் பருத்து, குட்டையான தடித்த அடிமரத்தின் மேல் பல தண்டுகள் ஒருசேர எழும் வடிவத்தை இம்மரங்கள் பெற்றுள்ளன. கோடையில் இலைக்குள் மறைந்துவிடும் இவ்வடிவம் குளிர்காலத்தில்தான் முழுமையாகத் தெரிகிறது என்பதால், இக்காட்டில் படத்தின் மையமாக நிற்கத்தக்கது இதுவே.

இளம் பீச் மரங்களும் ஹார்ன்பீம் மரங்களும் காய்ந்த பழுப்பு இலைகளைக் குளிர்காலம் முழுவதும் உதிர்க்காமல் தாங்கி நிற்பதுண்டு. சாம்பல் நிறக் காட்டில் இந்த இலைகள், மடிந்து கிடக்கும் பிராக்கன் பெரணி, பிர்ச்சின் வெண்பட்டை, ஹாலிப் புதரின் கரும்பச்சை ஆகியவையே நிறம் தருவன. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் இவற்றைத் தேடுவது பயன் தரும்.

ஒளி எவ்வளவு, எப்போது

டிசம்பர் 21ஆம் நாளையொட்டி லண்டன் பகுதியில் சூரியன் காலை 8 மணியைச் சற்றுக் கடந்து எழுந்து, மாலை 4 மணிக்குச் சற்று முன்பே மறைகிறது. நண்பகலிலும் அது தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. சூரிய உதயத்துக்கு முன்னும் மறைவுக்குப் பின்னும் ஏறத்தாழ 40 நிமிடம் அந்தியொளி நீடிக்கிறது. ஆனால் மரங்கள் செறிந்த பகுதியில் அதன் தொடக்கமும் முடிவும் படமெடுக்க இயலாத அளவுக்கு இருண்டிருக்கும்.

மேகம் மூடிய டிசம்பர் நாளின் நண்பகலில் காட்டின் உட்புறத்தில் பின்வரும் அளவுகளைத் தொடக்கமாகக் கொண்டு, இடத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.

- முக்காலியுடன், காற்றில்லாதபோது: ஐ.எஸ்.ஓ. 100, துளையளவு எஃப்/8, ஷட்டர் நேரம் 1/4 நொடி.
- ஈரப்பரப்பின் பளபளப்பை அகற்றும் ஒளிமுனைவு வடிகட்டியுடன்: அதே அமைப்பில் ஏறத்தாழ 0.7 நொடி.
- அந்தியொளியில், முக்காலியுடன்: ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, ஏறத்தாழ 2 நொடி.
- கிளை அசையும் காற்றில்: ஐ.எஸ்.ஓ. 1600, எஃப்/5.6, 1/125 நொடி.

ஐ.எஸ்.ஓ. என்பது உணரி பெறும் சமிக்ஞையைக் கேமரா எந்த அளவுக்குப் பெருக்குகிறது என்பதைக் குறிக்கும் எண். அது கூடக்கூடப் படத்தின் நிழற்பகுதிகளில் புள்ளிப்புள்ளியான இரைச்சல் தெரியத் தொடங்கும். துளையளவு என்பது லென்ஸுக்குள் ஒளி நுழையும் வாயின் அளவு. எண் பெரிதாகும்போது வாய் சிறுத்து, முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம் கூடுகிறது.

புறப்படும் முன்

1. முக்காலியின் கால்களும் பூட்டுகளும் இறுகுகின்றனவா என்று வீட்டிலேயே சரிபார்த்து, கேமராவைப் பொருத்தும் தகட்டை அதில் திருகி வைக்க வேண்டும்.
2. குளிரில் மின்கலத்தின் திறன் குறையும் என்பதால், முழுமையாக ஏற்றிய மாற்று மின்கலம் ஒன்றாவது உடலோடு ஒட்டிய உட்பையில் இருக்க வேண்டும்.
3. 24–70 மி.மீ. லென்ஸும் 70–200 மி.மீ. லென்ஸும் இருந்தால் போதுமானது. ஒன்றுதான் எடுத்துச்செல்ல முடியும் என்றால், நெருக்கடியான காட்டிலிருந்து ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுக்கப் பின்னது உதவும்.
4. ஒளிமுனைவு வடிகட்டி, துடைப்பதற்கு உலர்ந்த மெல்லிழைத் துணி இரண்டு, வாய்மூடும் வகைப் பிளாஸ்டிக் பை ஒன்று ஆகியவை தவறாமல் இருக்க வேண்டும்.
5. ஈரமானால் பருத்தி உடையில் கதகதப்பு தங்குவதில்லை. ஆகவே உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை உடையும் வெளியே மழை தாங்கும் மேலுறையும் அணிவதே பொருத்தம். பொத்தான்களை அழுத்த ஏதுவாக மெல்லிய உள்ளுறையும் அதன் மேல் தடித்த கையுறையும் அணியலாம்.
6. தலையில் கட்டும் விளக்கு, காட்டின் வரைபடம், முழுதாக ஏற்றிய கைபேசி, வெந்நீர்க் குடுவை ஆகியவற்றைப் பகலில் சென்றாலும் விட்டுவிடக் கூடாது.
7. எந்த வழியில் நுழைந்து எத்தனை மணிக்குத் திரும்புவதாகத் திட்டம் என்பதை வீட்டிலிருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும்.

படமெடுக்கும் வரிசை

பலர் காட்டுக்குள் நுழைந்ததும் முக்காலியை விரித்துவிட்டு, பின்னர் அதற்கேற்ற காட்சியைத் தேடுகின்றனர். குளிர்காலப் பகலில் இது நேரத்தை வீணடிப்பதோடு, கால் விரித்த உயரத்திலேயே எல்லாப் படங்களும் அமைந்துவிடவும் காரணமாகிறது. கீழ்க்காணும் வரிசை அதற்கு நேர்மாறானது.

1. வெறுங்கையோடு நடத்தல். கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு குறுகிய பரப்பை மெதுவாகச் சுற்றிவர வேண்டும். லௌட்டன் முகாம் என்ற இரும்புக்கால மண்அரண், ஹை பீச் பகுதி ஆகியவற்றைச் சூழ்ந்த பழைய மரங்கள் இதற்கு நல்ல தொடக்க இடங்கள்.

2. ஒரு மரத்தைத் தேர்தல். காடு முழுவதையும் ஒரு சட்டகத்துக்குள் அடக்க முயலும் படத்தில் கண் நிலைகொள்ள இடமிருப்பதில்லை. ஆகவே வடிவத்திலோ நிறத்திலோ மற்றவற்றிலிருந்து வேறுபடும் ஒரு மரத்தைத் தலைமையாகக் கொண்டு, ஏனையவை அதற்குத் துணை நிற்கும்படி பார்க்க வேண்டும்.

3. இடைவெளிகளைப் பிரித்தல். தலைமை மரத்தின் அடிமரம் பின்னாலுள்ள எந்த மரத்தோடும் ஒட்டித் தெரியாதபடி இடமும் வலமும் நகர்ந்து பார்க்க வேண்டும். அரை அடி நகர்ந்தாலே இரு மரங்களுக்கிடையே ஒரு வெளிச்சக் கோடு திறக்கும். அந்தக் கோடுதான் தட்டையான ஒளியில் ஆழத்தை உணர்த்துகிறது.

4. வானத்தை ஒதுக்குதல். மேகம் மூடிய வானம் படத்தில் வெறும் வெள்ளையாகப் பதிந்து, கண்ணைத் தன்பால் இழுத்துவிடும். நீண்ட லென்ஸைப் பயன்படுத்தியோ, சரிவான நிலத்தைப் பின்னணியாக்கியோ, சட்டகத்தின் மேல் விளிம்பைத் தாழ்த்தியோ வானத்தை விலக்கலாம். மூடுபனி நாள் மட்டும் இதற்கு விலக்கு.

5. முக்காலியை நிறுத்துதல். கோணமும் உயரமும் முடிவான பின்னரே முக்காலியை விரித்து, ஒரு காலைக் காட்சியை நோக்கி வைக்க வேண்டும். சருகுப் படுகை மென்மையானது. கால்களை அழுத்திக் கெட்டியான மண்ணைத் தொடச் செய்யாவிட்டால், நெடிய ஒளிப்பதிவின்போது கேமரா நம் கண்ணுக்குத் தெரியாமல் அமிழும். நடுத்தண்டை உயர்த்துவது அசைவைக் கூட்டுவதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

6. அமைப்புகளைச் சரிசெய்தல். பதிவு ரா (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பு) வடிவிலும், ஐ.எஸ்.ஓ. 100இலும், துளையளவு எஃப்/8 முதல் எஃப்/11 வரையிலும் இருக்கட்டும். எஃப்/16க்கு மேல் செல்லும்போது ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவுவதால் மெல்லிய கிளைகளின் கூர்மை குறைந்துவிடும். முக்காலியில் நிற்கும்போது லென்ஸின் அசைவுத்தடுப்பை அணைத்துவிடுவது பெரும்பாலான கருவிகளுக்குப் பாதுகாப்பான வழக்கம்.

7. குவியத்தைக் கையால் அமைத்தல். மங்கிய ஒளியில் தானியங்கிக் குவியம் குறுக்கே வரும் சுள்ளியைப் பற்றிக்கொள்வதும், எதையும் பற்ற இயலாமல் முன்னும் பின்னும் அலைவதும் உண்டு. எனவே திரையில் காட்சியைப் பெரிதாக்கி, தலைமை மரத்தின் பட்டை விளிம்பில் குவியத்தைக் கையால் நிறுத்த வேண்டும். முழுச்சட்டக உணரியுள்ள கேமராவில் 35 மி.மீ. லென்ஸை எஃப்/11இல் வைத்து, ஏறத்தாழ 3.75 மீட்டர் தொலைவில் குவித்தால், 2 மீட்டரிலிருந்து தொலைவு முடிய ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும்.

8. வடிகட்டியைச் சுழற்றுதல். ஈரப்பட்டையும் ஈரச்சருகும் வானத்தைப் பிரதிபலித்து வெளிறித் தோன்றும். ஒளிமுனைவு வடிகட்டியைத் திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சுழற்றினால், அந்த வெண்பளபளப்பு அகன்று அடியிலுள்ள நிறம் வெளிப்படும் இடம் தெரியும். இதனால் ஒளி ஒன்று முதல் இரண்டு படி வரை குறையும் என்பதால் ஷட்டர் நேரத்தைக் கூட்ட வேண்டும்; ஒரு படி குறைந்தால் நேரம் இரு மடங்கு.

9. காற்று அடங்கக் காத்திருத்தல். அடிமரம் அசைவதில்லை, அசைவது கிளை நுனிகளும் காய்ந்த இலைகளுமே. இரண்டு வீச்சுகளுக்கிடையே காற்று ஓயும் இடைவெளி கிட்டும்வரை நுனிகளைக் கவனித்து, அவை நின்றதும் இரண்டு நொடித் தாமதத்துடனோ தொலைவிசையாலோ ஷட்டரை இயக்க வேண்டும்.

10. சரிபார்த்தல். படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் வலது விளிம்பு வெட்டுப்படாமலும், மேடு இடது ஓரத்தில் குவியாமலும் இருக்க வேண்டும். பின்னர் படத்தை முழு அளவுக்குப் பெருக்கி, தலைமை மரத்தின் தெளிவையும் நான்கு மூலைகளையும் பார்த்த பிறகே அவ்விடத்தை விட்டு நகர வேண்டும்.

*குறிப்பு:* கேமராத் திரை இருண்ட காட்டில் உண்மையைவிட வெளிச்சமாகத் தோன்றும். திரையின் தோற்றத்தை நம்பி ஒளியைக் குறைத்தால், வீட்டில் திறந்து பார்க்கும்போது படம் இருண்டிருக்கும். தீர்ப்பு சொல்ல வேண்டியது ஹிஸ்டோகிராமே.

வானிலைக்கேற்ற மாற்றங்கள்

மூடுபனி. காட்டுப் படத்துக்கு இதைவிட உகந்த நிலை இல்லை; பின்னாலுள்ள நெருக்கடியை மறைத்து, அருகிலுள்ள மரத்தைக் கருமையாகவும் தொலைவிலுள்ளதை வெளிறியதாகவும் படிப்படியாகப் பிரித்துக் காட்டுவது மூடுபனியே. காட்சி முழுவதும் வெளிறியிருப்பதால் கேமராவின் ஒளிமானி ஏமாந்து ஒளியைக் குறைக்கும். அதை ஈடுகட்ட மூன்றில் இரண்டு படி முதல் ஒரு படி வரை கூட்ட வேண்டும். லென்ஸின் முன்கண்ணாடியில் நீர்த்திவலை படிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு படத்துக்கும் முன் பார்ப்பது கட்டாயம்.

பனிப்பொழிவு. வெண்பனியைச் சாம்பல் நிறமாக்கிவிடுவது ஒளிமானியின் இயல்பு. ஆகவே பனி நிரம்பிய சட்டகத்தில் ஒரு படி முதல் இரண்டு படி வரை கூட்டி, ஹிஸ்டோகிராமின் வலது விளிம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பனியில் பதியும் காலடி படத்தைக் கெடுக்கும் என்பதால், சட்டகத்துக்குள் வரக்கூடிய நிலத்தை மிதிக்காமல் சுற்றிச் செல்லவேண்டும்.

மழையும் மழை ஓய்ந்த நேரமும். ஈரத்தில் பீச்சின் சாம்பல் பட்டை கருத்து, அதன்மேல் பாசி பளிச்சென்று தெரியும். மழை பெய்யும்போது நிற்பதைவிட, அது ஓய்ந்த முதல் அரைமணி நேரத்தைப் பயன்படுத்துவது நல்லது. கரிய அடிமரம் சட்டகத்தை நிரப்பும்போது ஒளிமானி மிகையாக ஒளியேற்றும். மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு படி வரை குறைக்கலாம்.

முக்காலி இல்லாதபோது

முக்காலி இல்லாமலும் பயனுள்ள படம் எடுக்கலாம். ஆனால் அங்கு ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தத் தயங்கக் கூடாது. இரைச்சல் உள்ள தெளிவான படத்தைப் பின்னர் சீராக்க முடியும்; அசைந்து குழம்பிய படத்தை மீட்க வழியில்லை. லென்ஸின் குவியத் தூரம் 70 மி.மீ. என்றால் 1/70 நொடியைவிட விரைவான நேரம் என்பது தொடக்க அளவு. அசைவுத்தடுப்பு இருந்தால் அதைவிட மெதுவாகவும் முயலலாம். தோளை ஒரு மரத்தில் சாய்த்து, முழங்கைகளை உடலோடு ஒட்டி, மூச்சை வெளியிட்டு நிறுத்தி, தொடர்ச்சியாக மூன்று நான்கு படங்கள் எடுத்தால் அவற்றுள் ஒன்றாவது தெளிவாக அமையும். கைபேசியில் எடுப்பவர்களும் இரவு முறையை இயக்கி, கைபேசியை வேலி, மரக்கட்டை போன்ற ஒன்றின்மீது தாங்கி வைத்தால், தெளிவில் பெரும் வேறுபாட்டைக் காண்பர்.

அடிக்கடி நேரும் பிழைகள்

- முழுக்க நீலம் பாய்ந்த படம். மேகமூட்டத்திலும் நிழலிலும் ஒளி நீலம் சார்ந்தது. வெண்மைச் சமநிலையை ஏறத்தாழ 6,000–6,500 கெல்வினில் நிறுத்தினால் சருகின் நிறம் திரும்பும். எனினும் நீலத்தை முற்றிலும் அகற்றினால் குளிர்காலத்தின் உணர்வே போய்விடும். சிறிது விட்டுவைப்பது நல்லது.
- விளிம்பில் நுழையும் சுள்ளிகள். மையத்தை மட்டும் பார்ப்பதால் நேர்வது இது. ஷட்டரை அழுத்துமுன் நான்கு விளிம்புகளையும் கண்ணால் ஒரு சுற்று சுற்றிவர வேண்டும்.
- மூச்சுப் படலம். திரைக்கு மிக அருகில் மூச்சு விடுவதாலும், லென்ஸை வாயால் ஊதுவதாலும் கண்ணாடியில் ஆவி படியும். உலர்துணியால் மட்டுமே துடைக்க வேண்டும்.
- மிகையான தெளிவூட்டல். திருத்தும்போது முரண்நிலையையும் கூர்மையையும் ஒருங்கே உயர்த்துவதால் ஒவ்வொரு சுள்ளியும் கண்ணைக் குத்தும். மென்மையான ஒளியைத் தேடிச் சென்றதன் பயனே இதனால் கெடும்.

பாதுகாப்பு

முதுமையடைந்த பீச் மரங்கள் காற்றில் மட்டுமன்றி, காற்றில்லாத நாளிலும் பெருங்கிளைகளைக் கழித்துவிடுவதுண்டு. எனவே பலத்த காற்று எச்சரிக்கை உள்ள நாளில் காட்டுக்குள் செல்லவே கூடாது. மற்ற நாட்களிலும் முக்காலியை நிறுத்துமுன் தலைக்கு மேல் காய்ந்த கிளையோ, முறிந்து தொங்கும் கிளையோ இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கண் திரையிலேயே நிலைத்திருக்கும் வேளையில் இந்த எச்சரிக்கையே உயிரைக் காக்கும்.

கொனாட் வாட்டர், வேக் வேலி குளம் முதலிய நீர்நிலைகள் உறைந்திருந்தால், பனிக்கட்டியின் மேல் எக்காரணத்தைக் கொண்டும் கால் வைக்கக் கூடாது. சருகுக்கடியில் வழுக்கும் வேரும் பள்ளமும் மறைந்திருக்கும் என்பதால், பின்னோக்கி நடந்தபடி சட்டகம் அமைப்பதைத் தவிர்க்க வேண்டும். திரும்பும் நேரத்தைச் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வரையறுத்து, கைபேசியில் மணி வைத்துக்கொள்வது நல்லது. அந்தியொளியில் படமெடுக்க விரும்புவோர், பிரதானப் பாதையை ஒட்டிய இடத்தையே அதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டுப்படுத்த முடியாத நடுக்கம், பேச்சுக் குழறல், விரல்கள் ஒத்துழையாமை ஆகியவை உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைவதன் அறிகுறிகள். அவை தோன்றினால் உடனே வேலையை நிறுத்தி, கதகதப்பான இடத்தை நாட வேண்டும். அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 999.

காட்டுக்குச் செய்ய வேண்டியது

பழைய மரங்களின் வேர்கள் தரைமட்டத்தை ஒட்டியே பரவியுள்ளன. அவற்றைச் சுற்றிய மண் திரும்பத் திரும்ப மிதிபட்டு இறுகினால், வேருக்குக் காற்றும் நீரும் செல்வது தடைப்படும். ஆகவே மரத்தைச் சற்றுத் தொலைவிலிருந்தே நீண்ட லென்ஸால் எடுப்பது படத்துக்கும் மரத்துக்கும் ஒருங்கே நன்மை. விழுந்து கிடக்கும் மட்கிய மரத்தைச் சட்டகத்துக்காக நகர்த்துவதும், சுள்ளிகளை ஒடிப்பதும், காளானைப் பறிப்பதும் கூடாது. அந்த மட்கிய மரமே எண்ணற்ற வண்டுகளுக்கும் பூஞ்சைகளுக்கும் வாழிடம்.

வீடு திரும்பியபின்

1. வீட்டுக்குள் நுழைவதற்கு முன், வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இட்டு வாயை மூட வேண்டும். குளிர்ந்த கருவியின் மேல் வீட்டின் ஈரக்காற்று நேரடியாகப் பட்டால் உள்ளேயும் வெளியேயும் நீர் படியும்; பைக்குள் இருந்தால் நீர் பையின் மேல்தான் படியும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் திறக்கலாம். நினைவட்டையைப் பையில் இடுவதற்கு முன்பே கழற்றிக்கொண்டால் காத்திருக்க வேண்டியதில்லை.
2. முக்காலிக் கால்களை முழுவதும் நீட்டி, மண்ணைத் துடைத்து, உலரவிட வேண்டும்.
3. ரா கோப்பைத் திருத்தும்போது முதலில் வெண்மைச் சமநிலை, அடுத்து ஒட்டுமொத்த ஒளி, பின் நிழற்பகுதிகள் என்ற வரிசையில் சென்று, கடைசியாகத் தலைமை மரத்தை மட்டும் சிறிது வெளிச்சமாக்கலாம்.

பயிற்சி

எளிதில் சென்றுவரக்கூடிய ஒரு பொல்லார்டு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதே இடத்திலிருந்து அதே குவியத் தூரத்தில் மூடுபனி நாள், மழை ஓய்ந்த நாள், மேகமூட்டமான நாள் என மூன்று நிலைகளில் படமெடுத்து, ஒவ்வொன்றிலும் ஷட்டர் நேரத்தையும் ஒளித் திருத்தத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். மூன்று படங்களையும் ஒப்பிட்டால், மாறியது ஒளியின் தன்மையே அன்றி அதன் போதாமை அன்று என்பது தெளிவாகும்; அந்தக் குறிப்புகளே அடுத்த குளிர்காலத்தில் எந்த வானிலைக்கு எந்தப் பகுதிக்குச் செல்வது என்பதை முடிவுசெய்ய உதவும் சொந்த அட்டவணையாகவும் அமையும்.